சமன்பாட்டில் எண் போடும் முன் வினையின் வகையைப் பாருங்கள்

வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் இடப்பக்கம் ஒரு 2, வலப்பக்கம் ஒரு 3 என்று போட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். மெக்னீசியம் எரிவது போன்ற சின்னச் சமன்பாட்டில் இது பலித்துவிடும். காப்பரும் நைட்ரிக் அமிலமும் வந்தால் அரைப் பக்கம் அடித்தலும் திருத்தலுமாகத் தேர்வு நேரம் கரைந்துவிடும். கணக்குப் போடத் தெரியாததால் வரும் சிக்கல் இல்லை இது. எந்த வகை வினை என்று முதலில் முடிவு செய்யாததால் வருவது. எரிதலைச் சமன் செய்யும் வழி வேறு, வீழ்படிவு (கரையாமல் அடியில் படியும் பொருள்) விழும் வினைக்கு வழி வேறு, எலக்ட்ரான் கைமாறும் வினைக்கு வழி வேறு. வகை தெரிந்துவிட்டால் எந்தத் தனிமத்தில் தொடங்குவது, எதைக் கடைசிக்கு ஒதுக்குவது என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே பொருள்களைப் பெயரால் எழுதி, அவற்றில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைப் பக்கத்திலேயே சொல்கிறோம். எண்ணுவதற்கு அதுவே வசதி. நோட்டில் எழுதும்போது வழக்கமான குறியீடுகளையே எழுதுங்கள். பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்ணைக் குணகம் என்றும், குறியீட்டின் காலடியில் சிறிதாக எழுதும் எண்ணைக் கீழெண் என்றும் சொல்வோம். இலங்கைப் பாடநூலில் படிப்பவர்கள் வினையைத் தாக்கம் என்றும், ஆக்சிஜனை ஒட்சிசன் என்றும், சமன் செய்வதைச் சமப்படுத்தல் என்றும் மாற்றி வாசித்துக்கொள்ளலாம். கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

முதலில் சூத்திரம்

சூத்திரம் தவறாக இருந்தால் சமன்பாடு பல நேரம் சமன் ஆகாது. அதைவிட மோசம், தவறான சூத்திரத்தோடு சமன் ஆகிவிடுவது. ஆகவே எண் போடுவதற்கு முன் ஒவ்வொரு பொருளின் சூத்திரத்தையும் இணைதிறனை (மற்ற அணுக்களோடு சேரும் திறனைக் காட்டும் எண்) வைத்துச் சரிபாருங்கள். அலுமினியத்தின் இணைதிறன் 3, சல்பேட்டின் இணைதிறன் 2. குறுக்கே மாற்றினால் அலுமினியம் 2, சல்பேட் 3. கால்சியம் 2, ஆக்சிஜன் 2 என்றால் சுருக்கி ஒன்றுக்கு ஒன்று. ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. அதைச் சுருக்கக் கூடாது, அது ஒரு மூலக்கூறின் உண்மையான எண்ணிக்கை.

தனிமமாக இருக்கும்போது இரண்டிரண்டு அணுக்களாகவே திரிபவை 7: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். இவற்றைத் தனி அணுவாக எழுதுவதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. கந்தகத்தின் மூலக்கூறில் 8 அணுக்கள் உண்டு என்றாலும் பள்ளிச் சமன்பாடுகளில் அதை ஒற்றை அணுவாகவே எழுதுவது வழக்கம்.

இரும்பு இன்னொரு கண்ணி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டாலும் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டாலும் இரும்பு இரண்டு எலக்ட்ரான்களைத்தான் விடும். பெர்ரஸ் உப்பு கிடைக்கும். குளோரின் வாயுவோடு சூடேற்றினால் மூன்றை விடும். பெர்ரிக் குளோரைடு கிடைக்கும்.

2 இரும்பு + 3 குளோரின் → 2 பெர்ரிக் குளோரைடு
இரும்பு + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → பெர்ரஸ் குளோரைடு + ஹைட்ரஜன்

அடுத்த விதியைக் கல்வெட்டாக வைத்துக்கொள்ளுங்கள்: சமன் செய்யும்போது குணகத்தை மட்டுமே மாற்றலாம், கீழெண்ணைத் தொடக்கூடாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வினையில் இடப்பக்கம் ஆக்சிஜன் 2, வலப்பக்கம் 1. நீரின் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 எழுதினால் எண்ணிக்கை சமன் ஆகிவிடும். ஆனால் எழுதியது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணைக் கழுவும் மருந்தும் குடிக்கும் தண்ணீரும் ஒன்றாகிவிடுமா? நீரின் முன்னால் 2 போட்டு, ஹைட்ரஜன் முன்னாலும் 2 போடுவதே சரி.

வகையை இரண்டு தடவை கேளுங்கள்

ஒரு வினைக்கு ஒரே வகைதான் உண்டு என்ற எண்ணம் பல குழப்பங்களுக்குக் காரணம். மெக்னீசியம் எரிந்து மெக்னீசியம் ஆக்சைடு ஆவது சேர்க்கை வினை, எரிதல் வினையும்தான், ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையும்தான் (எலக்ட்ரான் கைமாறும் வினை). மூன்றும் சரி. ஆகவே ஒவ்வொரு வினையிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் பிரிந்தார்கள் என்பது முதல் கேள்வி. எலக்ட்ரான் கைமாறியதா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு விடை, அம்புக்குறியின் இருபக்கமும் எத்தனை பொருள்கள், என்ன பொருள்கள் என்று பார்த்தாலே கிடைக்கும்.

பல பொருள்கள் ஒன்றானால் சேர்க்கை வினை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுப்போவது இதுதான்: கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு. வெப்பம் கடுமையாக வெளிப்படும். அதனால் சுண்ணாம்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பொருள் பலவானால் சிதைவு வினை. சிதைப்பது வெப்பமாகவோ ஒளியாகவோ மின்சாரமாகவோ இருக்கலாம். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடுவது வெப்பச் சிதைவு. வெள்ளி புரோமைடு வெயிலில் கருப்பது ஒளிச் சிதைவு. உருகிய உப்பிலிருந்து சோடியம் எடுப்பது மின்னாற் சிதைவு.

ஒரு தனிமமும் ஒரு சேர்மமும் இடப்பக்கம், வேறொரு தனிமமும் சேர்மமும் வலப்பக்கம் என்றால் ஒற்றை இடப்பெயர்ச்சி. இங்கே ஒரு எச்சரிக்கை: எழுதிவிட்டதாலேயே வினை நிகழ்ந்துவிடாது. பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், ஜிங்க், இரும்பு, டின், காரீயம் (லெட்), ஹைட்ரஜன், காப்பர், பாதரசம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்ற வரிசையில் மேலே இருப்பதுதான் கீழே இருப்பதை அதன் உப்பிலிருந்து வெளியேற்றும். ஜிங்க் துண்டை மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் போட்டால் நீலம் வெளுக்கும், செம்பழுப்பாகக் காப்பர் படியும். காப்பர் துண்டை ஜிங்க் சல்பேட்டில் போட்டால் ஒன்றும் ஆகாது. அப்போது சரியான விடை 'வினை நிகழாது' என்பதே. அதைச் சமன் செய்து காட்டினால் மதிப்பெண் போகும். ஹாலஜன்களுக்குத் தனி வரிசை: ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின்.

வரிசை மட்டும் போதாத இடங்களும் உண்டு. சோடியத்தைக் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டால் அது காப்பரைத் தேடிப் போவதற்குள் கரைசலில் உள்ள தண்ணீரோடு சீறி வினைபுரிந்துவிடும். அலுமினியத் தாளைப் போட்டால், வரிசைப்படி உடனே நிகழ வேண்டிய வினை வெகுநேரம் நகராது. தாளின் மேல் உள்ள ஆக்சைடு படலம் தடுக்கிறது. ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டால் குளோரைடு அயனிகள் (மின்சுமை கொண்ட துகள்கள்) அந்தப் படலத்தை அரித்து வழிவிடும்.

இரண்டு சேர்மங்கள் தங்கள் அயனிகளை மாற்றிக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி. இதற்கும் நிபந்தனை உண்டு. வீழ்படிவு விழ வேண்டும், அல்லது வாயு வெளியேற வேண்டும், அல்லது நீர் உண்டாக வேண்டும். மூன்றில் ஒன்றும் இல்லாவிட்டால் நான்கு அயனிகளும் கரைசலில் கலந்து மிதக்கும், அவ்வளவுதான். சோடியம் குளோரைடு கரைசலோடு பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைக் கலந்தால் நடப்பது அதுதான். எது கரையும் எது கரையாது என்பதற்கு இவ்வளவு நினைவிருந்தால் பள்ளிப் படிப்புக்குப் போதும்: சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் கரையும், நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும், குளோரைடுகளில் வெள்ளியும் காரீயமும் கரையாது (லெட் குளோரைடு வெந்நீரில் கரைந்துவிடும்), சல்பேட்டுகளில் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், காரீயம் கரையாது, கால்சியம் சிறிதளவே கரையும், கார்பனேட்டுகளும் ஹைட்ராக்சைடுகளும் பெரும்பாலும் கரையாது.

சுண்ணாம்புக் கல்லின் மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைப்பது எந்த வகை என்று பலர் தடுமாறுவார்கள், ஏனென்றால் வலப்பக்கம் மூன்று பொருள்கள். இரட்டை இடப்பெயர்ச்சிதான். முதலில் உண்டாகும் கார்பானிக் அமிலம் நிலைக்காமல் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடனே சிதைந்துவிடுகிறது.

இனி இரண்டாவது கேள்வி. எலக்ட்ரான் கைமாறியதா என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி: ஏதேனும் ஒரு தனிமம் ஒரு பக்கம் தனியாகவும் மறுபக்கம் சேர்மத்துக்குள்ளும் இருந்தால், கட்டாயம் கைமாறியிருக்கிறது. அதனால் ஒற்றை இடப்பெயர்ச்சியும் எரிதலும் எப்போதும் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகள். அயனிகள் ஆள் மாறாமல் இடம் மட்டும் மாறும் இரட்டை இடப்பெயர்ச்சி ஒருபோதும் அப்படி இல்லை. சேர்க்கையும் சிதைவும் இரண்டு பக்கமும் விழும்: சுண்ணாம்பு நீற்றுப்போவதில் எலக்ட்ரான் மாற்றம் இல்லை, மெக்னீசியம் எரிவதில் உண்டு.

எளிய வகைகளைச் சமன் செய்தல்

எரிதலுக்கு வரிசை மாறாது: கார்பன், பிறகு ஹைட்ரஜன், கடைசியில் ஆக்சிஜன். ஆக்சிஜன் தனிமமாக நிற்பதால் அதன் குணகத்தை மாற்றினால் வேறு எந்த அணுவும் கலையாது. அதனால்தான் அது கடைசி. சமையல் எரிவாயுவில் இருப்பவை பெரும்பாலும் புரோப்பேனும் பியூட்டேனும். புரோப்பேனில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. ஆகவே கார்பன் டை ஆக்சைடு 3, நீர் 4. வலப்பக்க ஆக்சிஜன் அணுக்கள் 6 + 4 = 10. இரண்டால் வகுத்தால் 5 மூலக்கூறுகள்.

புரோப்பேன் + 5 ஆக்சிஜன் → 3 கார்பன் டை ஆக்சைடு + 4 நீர்

பியூட்டேனில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பன் டை ஆக்சைடு 4, நீர் 5, ஆக்சிஜன் அணுக்கள் 13. இரண்டால் வகுத்தால் 6.5. பயப்படாமல் 6.5 என்றே எழுதுங்கள். எல்லாம் முடிந்தபின் முழுச் சமன்பாட்டையும் 2-ஆல் பெருக்கினால் போதும்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

இந்த எண்கள் வெறும் தேர்வுக்கு இல்லை. ஒரு லிட்டர் பியூட்டேன் வாயு முழுமையாக எரிய 6.5 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம் என்பதால் கிட்டத்தட்ட 31 லிட்டர் காற்று. அடுப்பின் காற்றுத் துளை அடைபட்டால் இந்தக் கணக்கு பொய்த்து, சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் உண்டாகும்.

எரியும் பொருளுக்குள்ளேயே ஆக்சிஜன் இருந்தால் அதைக் கழிக்க மறக்காதீர்கள். எத்தனாலில் கார்பன் 2, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 1. வலப்பக்கம் 2 கார்பன் டை ஆக்சைடு, 3 நீர். ஆக்சிஜன் அணுக்கள் 7. அதில் ஒன்றை எத்தனாலே கொண்டுவருகிறது. மீதி 6, அதாவது 3 மூலக்கூறு. 3.5 என்று எழுதியவர்கள் கழிக்காமல் விட்டவர்கள்.

சிதைவு வினையிலும் அரை எண் உத்தி உதவும். லெட் நைட்ரேட்டைச் சூடேற்றினால் படபடவென்று வெடித்து, மஞ்சள் நிற லெட் மோனாக்சைடு தங்கும், பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், ஆக்சிஜனும் வரும். பழுப்பு வாயு நச்சு. புகை உறிஞ்சும் அறை இல்லாத இடத்தில் இதைச் செய்யவே கூடாது. ஒரு லெட் நைட்ரேட்டில் காரீயம் 1, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 6. காரீயத்துக்கு ஒரு மோனாக்சைடு, நைட்ரஜனுக்கு 2 டை ஆக்சைடு என்று வைத்தால் ஆக்சிஜன் 1 + 4 = 5. ஒன்று மிச்சம், அதாவது அரை மூலக்கூறு. இரண்டால் பெருக்குங்கள்.

2 லெட் நைட்ரேட் → 2 லெட் மோனாக்சைடு + 4 நைட்ரஜன் டை ஆக்சைடு + ஆக்சிஜன்

இரட்டை இடப்பெயர்ச்சிக்கு வேறு கண்ணோட்டம் வேண்டும். இங்கே அணுக்களை எண்ணாதீர்கள், அயனித் தொகுதிகளை எண்ணுங்கள். சல்பேட், நைட்ரேட், ஹைட்ராக்சைடு, கார்பனேட், பாஸ்பேட் ஆகியவை இருபக்கமும் உடையாமல் வந்தால் அவற்றை ஒவ்வோர் ஆளாக எண்ணுங்கள். அலுமினியம் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து வழவழப்பான அலுமினியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவைத் தருவதை எடுத்துக்கொள்வோம். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் சுத்திகரிப்பு நிலையங்களில் அழுக்கைப் பிடித்துக்கொண்டு கீழே படிவது இந்த வீழ்படிவுதான். சல்பேட் 3 இருக்கிறது, ஆகவே கால்சியம் சல்பேட் 3. கால்சியம் 3 ஆனதால் கால்சியம் ஹைட்ராக்சைடு 3. அதில் ஹைட்ராக்சைடு 6. அலுமினியம் 2, ஒவ்வொன்றுக்கும் 3 ஹைட்ராக்சைடு, மொத்தம் 6. முடிந்தது.

அலுமினியம் சல்பேட் + 3 கால்சியம் ஹைட்ராக்சைடு → 2 அலுமினியம் ஹைட்ராக்சைடு + 3 கால்சியம் சல்பேட்

ஆக்சிஜனை மட்டும் தனியாக எண்ணியிருந்தால் இருபக்கமும் 18 வரும்வரை அலைந்திருப்பீர்கள். இங்கே நேரும் பிழை வேறு: கூட்டாளியை மாற்றும்போது பழைய கீழெண்ணையும் கூடவே கூட்டிப் போவது. அலுமினியம் சல்பேட்டில் அலுமினியத்துக்குக் கீழே 2 இருந்தது என்பதற்காக ஹைட்ராக்சைடிலும் அலுமினியத்துக்கு 2 போடக் கூடாது. அந்த 2 சல்பேட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தம். புதுக் கூட்டாளி வந்ததும் இணைதிறனை வைத்துப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

தொகுதி உடைந்துவிட்டால் இந்த உத்தி செல்லாது. மேலே லெட் நைட்ரேட் சிதைந்தபோது நைட்ரேட் உடைந்து நைட்ரஜன் டை ஆக்சைடு ஆனது. அங்கே அணுக்களைத்தான் எண்ணினோம்.

எலக்ட்ரானை எண்ண வேண்டிய இடம்

காப்பர் துண்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் போடும் வினையின் அயனிகளை மட்டும் எழுதிப் பாருங்கள். ஒரு காப்பர் அணுவும் ஒரு வெள்ளி அயனியும் சேர்ந்து ஒரு காப்பர் அயனியும் ஒரு வெள்ளி அணுவும் ஆகின்றன என்று எழுதினால் அணுக்கள் சமன். ஆனால் இடப்பக்கம் மின்சுமை +1, வலப்பக்கம் +2. எங்கிருந்தோ ஒரு எலக்ட்ரான் காணாமல் போயிருக்கிறது. காப்பர் இரண்டை விடுகிறது, வெள்ளி ஒன்றைத்தான் வாங்கும். ஆகவே 2 வெள்ளி அயனிகள் வேண்டும். ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகள் அனைத்தையும் சமன் செய்யும் முறை இந்த ஒரு கணக்கிலேயே அடங்கியிருக்கிறது: விட்ட எலக்ட்ரானும் வாங்கிய எலக்ட்ரானும் ஒன்றாக வேண்டும்.

பெரிய மூலக்கூறுகளில் இதைக் கணக்கிட ஆக்சிஜனேற்ற எண் வேண்டும். தனியாக நிற்கும் தனிமத்துக்கு 0. சேர்மத்தில் ஆக்சிஜனுக்குப் பொதுவாக -2, பெராக்சைடில் -1. ஹைட்ரஜனுக்கு +1, உலோக ஹைட்ரைடில் -1. எல்லாவற்றையும் கூட்டினால் மூலக்கூறுக்கு 0, அயனிக்கு அதன் மின்சுமை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் பொட்டாசியம் +1, நான்கு ஆக்சிஜன் -8. ஆகவே மாங்கனீசு +7.

காப்பரும் நீர்த்த நைட்ரிக் அமிலமும்: விளைபொருள்கள் காப்பர் நைட்ரேட், நைட்ரிக் ஆக்சைடு, நீர். காப்பர் 0-இலிருந்து +2, இரண்டை விட்டது. நைட்ரஜன் +5-இலிருந்து +2, மூன்றை வாங்கியது. 2-க்கும் 3-க்கும் மீச்சிறு பொது மடங்கு 6. எனவே 3 காப்பர், 2 நைட்ரிக் ஆக்சைடு. இதுவரை எளிது. இதற்கு அடுத்த படியில்தான் பலர் சிக்கிக்கொள்வார்கள்: நைட்ரிக் அமிலத்துக்கு 2 போட்டுவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று விழிப்பார்கள். இந்த அமிலம் இரண்டு வேலை செய்கிறது. 2 மூலக்கூறுகள் எலக்ட்ரானை வாங்கி நைட்ரிக் ஆக்சைடு ஆகின்றன. 3 காப்பர் நைட்ரேட்டுக்கு வேண்டிய 6 நைட்ரேட்டைத் தர இன்னும் 6 மூலக்கூறுகள் வேண்டும். அவற்றின் நைட்ரஜன் மாறவே இல்லை. மொத்தம் 8. ஹைட்ரஜன் 8, ஆகவே நீர் 4.

3 காப்பர் + 8 நைட்ரிக் அமிலம் → 3 காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

ஆக்சிஜனை இதுவரை தொடவே இல்லை. அதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் 24, வலம் 18 + 2 + 4 = 24. அடர் அமிலமாக இருந்தால் நைட்ரஜன் +4-ஓடு நின்றுவிடும், பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், எண்கள் 1, 4, 1, 2, 2 என்று மாறும். காப்பர் ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பதால் இரண்டு வினையிலும் ஹைட்ரஜன் வாயு வராது. அமிலமும் உலோகமும் என்றவுடன் ஹைட்ரஜன் எழுதும் பழக்கத்தை நைட்ரிக் அமிலத்தின் முன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கரைசலில் அமிலச் சூழலில் நடக்கும் வினைகளுக்கு அரைவினை முறை (எலக்ட்ரான் விடுவதையும் வாங்குவதையும் தனித்தனியாக எழுதுவது) இன்னும் தெளிவு. பிளஸ் டூ ஆய்வகத்தில் பியூரெட்டில் பெர்மாங்கனேட்டை நிரப்பி, கூம்புக் குடுவையில் பெர்ரஸ் உப்பை வைத்துத் தரம் பார்ப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெர்மாங்கனேட் அயனி மாங்கனீசு அயனி ஆகும் அரைவினையை மட்டும் தனியாக எடுங்கள். முதலில் மாங்கனீசு: இருபக்கமும் 1. அடுத்து ஆக்சிஜன்: இடப்பக்கம் 4 இருப்பதால் வலப்பக்கம் 4 நீர். அடுத்து ஹைட்ரஜன்: 4 நீரில் 8, ஆகவே இடப்பக்கம் 8 ஹைட்ரஜன் அயனி. கடைசியாக மின்சுமை: இடம் +7, வலம் +2, இடப்பக்கம் 5 எலக்ட்ரான். பெர்ரஸ் அயனி பெர்ரிக் ஆக ஒரு எலக்ட்ரானை விடும்; ஆகவே 5 பெர்ரஸ்.

பெர்மாங்கனேட் அயனி + 5 பெர்ரஸ் அயனி + 8 ஹைட்ரஜன் அயனி → மாங்கனீசு அயனி + 5 பெர்ரிக் அயனி + 4 நீர்

மின்சுமை இருபக்கமும் +17. தனிமம், ஆக்சிஜனுக்கு நீர், ஹைட்ரஜனுக்கு ஹைட்ரஜன் அயனி, சுமைக்கு எலக்ட்ரான் என்ற வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் முன்னால் சமன் செய்தது பின்னால் கலையும்.

அந்த 8 ஹைட்ரஜன் அயனிகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பாருங்கள், ஆய்வகத்தில் பிழை நேர்வது அங்கேதான். நீர்த்த கந்தக அமிலத்தை மிகையாகச் சேர்க்க வேண்டும். அமிலம் போதாவிட்டால் மாங்கனீசு +2 வரை இறங்காமல் +4-இல் நின்று, மாங்கனீசு டை ஆக்சைடாகப் பழுப்பு நிறத்தில் படியும். அந்த அளவீட்டைக் கொட்டிவிட்டு மறுபடி செய்வதே வழி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாது, குளோரைடைப் பெர்மாங்கனேட் குளோரினாக மாற்றும்; அளவு கூடிவிடும். நைட்ரிக் அமிலமும் ஆகாது, அது தானே ஆக்சிஜனேற்றி என்பதால் பெர்ரஸை முன்கூட்டியே மாற்றிவிடும், அளவு குறையும்.

அணு சமன், ஆனாலும் தவறு

இயற்கணித முறையை நம்புகிறவர்கள் உண்டு: ஒவ்வொரு குணகத்துக்கும் ஒரு மாறி வைத்து, தனிமத்துக்கு ஒரு சமன்பாடு எழுதித் தீர்ப்பது. நல்ல முறைதான். ஆனால் அது அணுவை மட்டும் பார்க்கும். பெர்மாங்கனேட், கந்தக அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்து பொட்டாசியம் சல்பேட், மாங்கனீசு சல்பேட், நீர், ஆக்சிஜன் தரும் வினையில் அதன் குறை வெளிப்படும். பொருள்கள் இதே வரிசையில் இருக்க, இந்த மூன்று எண் வரிசைகளையும் போட்டுப் பாருங்கள்:

2, 3, 1 → 1, 2, 4, 3
2, 3, 3 → 1, 2, 6, 4
2, 3, 5 → 1, 2, 8, 5

ஒவ்வொரு தனிமத்தையும் எண்ணுங்கள். மூன்றிலும் எல்லாம் சமன். சரியானது மூன்றாவது மட்டுமே. 2 பெர்மாங்கனேட் 10 எலக்ட்ரான்களை வாங்க வேண்டும். ஒரு பெராக்சைடில் இரண்டு ஆக்சிஜன், ஒவ்வொன்றும் -1-இலிருந்து 0 ஆகும்போது ஒரு எலக்ட்ரான் விடும். ஆகவே ஒரு பெராக்சைடுக்கு 2. பத்தைத் தர 5 வேண்டும். வெளிவரும் ஆக்சிஜன் வாயு முழுவதும் பெராக்சைடிலிருந்தே வருகிறது என்பதால், எத்தனை பெராக்சைடோ அத்தனை ஆக்சிஜன் மூலக்கூறு. முதல் வரியில் ஒரு பெராக்சைடு 3 ஆக்சிஜன் தருவதாக எழுதியிருக்கிறது. அது நடக்காத காரியம். ஒரு ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையைச் சமன் செய்து முடித்ததும் எலக்ட்ரான் கணக்கையும் ஒருமுறை போடுவது இதனால்தான் அவசியம்.

மற்றச் சோதனைகள் சுருக்கமானவை. எல்லாக் குணகங்களுக்கும் பொது வகுத்தி இருந்தால் வகுத்துவிடுங்கள். 4, 2 → 4 என்று விட்டுவைக்கக் கூடாது. வினையூக்கியை அம்புக்குறியின் மேல் எழுதுங்கள், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பொட்டாசியம் குளோரேட் சிதைந்து ஆக்சிஜன் தரும்போது மாங்கனீசு டை ஆக்சைடு அப்படித்தான் நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் நிறையைக் கூட்டிப் பாருங்கள்: புரோப்பேன் 44, 5 ஆக்சிஜன் 160, மொத்தம் 204; வலப்பக்கம் 132 + 72 = 204.

கை பழக நான்கு

அம்மோனியாவும் ஆக்சிஜனும் பிளாட்டினத்தின் மேல் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடும் நீரும் தருவது: 4, 5 → 4, 6. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் முதலில், ஆக்சிஜன் கடைசியில். இடையில் 2.5 வரும்.

இரும்புப் பைரைட்டை (இரும்பு 1, கந்தகம் 2) காற்றில் வறுத்து பெர்ரிக் ஆக்சைடும் கந்தக டை ஆக்சைடும் எடுப்பது: 4, 11 → 2, 8. இரும்பு, கந்தகம் இரண்டும் எலக்ட்ரான் விடுகின்றன. ஒரு பைரைட்டுக்கு மொத்தம் 11, அந்த 11 குணகத்தில் நேரடியாகத் தெரியும்.

அமிலத்தில் டைகுரோமேட் அயனி, பெர்ரஸ் அயனி, ஹைட்ரஜன் அயனி சேர்ந்து குரோமிக் அயனி, பெர்ரிக் அயனி, நீர் தருவது: 1, 6, 14 → 2, 6, 7. டைகுரோமேட்டில் குரோமியம் 2 என்பதை மறந்தால் 6-க்குப் பதில் 3 வரும்.

குளோரினைச் சூடான அடர் சோடியம் ஹைட்ராக்சைடில் செலுத்தி சோடியம் குளோரைடு, சோடியம் குளோரேட், நீர் பெறுவது: 3, 6 → 5, 1, 3. குளோரினே எலக்ட்ரானை விடுகிறது, குளோரினே வாங்குகிறது. இதற்கு விகிதச் சிதைவு வினை என்று பெயர். குளோரேட்டில் குளோரின் +5, எனவே அது ஒன்று உண்டாக ஐந்து குளோரைடு வேண்டும். இதில் குளோரினை இடப்பக்கம் இரண்டு முறை தனித்தனியாக எழுதி, ஒன்றை ஆக்சிஜனேற்றத்துக்கும் மற்றதை ஒடுக்கத்துக்கும் வைத்துக் கணக்கிட்டு, கடைசியில் இரண்டையும் கூட்டிச் சுருக்கினால் கை தடுமாறாது.